எலக்ட்ரானிக் சுற்றுகளைக் கணக்கிடவும் வடிவமைக்கவும் கற்பது: அடிப்படை முதல் முதல் டிசைன் வரை

9 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு. இரண்டையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியில் மல்டிமீட்டரை வைத்தால் 4.5 வோல்ட் காட்டும். எதிர்பார்த்ததுதான். இப்போது அந்த நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு (இங்கே பேட்டரியின் எதிர்முனை) இன்னொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்துப் பாருங்கள். மீட்டர் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எந்தப் பாகமும் கெடவில்லை, ஓமின் விதியும் பொய்க்கவில்லை.

இந்த இறக்கம் ஏன் வருகிறது என்பதை முழுக்கப் புரிந்துகொண்டவருக்குச் சுற்றுப் பகுப்பாய்வில் பாதி கைவந்த மாதிரி. மீதிப் பாதி, கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப் என்று எது வந்தாலும் அதே கேள்வியைக் கேட்பது: இந்தப் புள்ளியில் நின்று பின்னால் பார்த்தால் எத்தனை வோல்ட், எவ்வளவு தடை தெரிகிறது? முன்னால் பார்த்தால் எவ்வளவு தடை தெரிகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அடிப்படைகளைக் கடந்து, கடைசியில் இருட்டினால் தானாக எரியும் ஒரு விளக்கை எண்கள் போட்டு வடிவமைத்துப் பார்ப்போம்.

## தொடங்கும் முன்

கணக்கு பற்றிய பயம் பலருக்கும் உண்டு. ஆரம்பத்துக்குப் பள்ளி இயற்கணிதம் போதும். ஒருபடிச் சமன்பாடு தீர்க்கத் தெரிய வேண்டும், மில்லி, மைக்ரோ, கிலோ, மெகா ஆகியவற்றைத் தடுமாறாமல் மாற்றத் தெரிய வேண்டும். கலப்பெண்கள் மாறுமின்னோட்டம் வரும்போதுதான் தேவைப்படும். ஒரு சின்ன வசதி: கிலோ ஓம், மில்லி ஆம்பியர், வோல்ட் மூன்றும் தங்களுக்குள் ஒத்துப்போகும். 5 வோல்ட்டை 2 கிலோ ஓமால் வகுத்தால் நேரடியாக 2.5 மில்லி ஆம்பியர். பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கருவிகளில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), கலவையான ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும், கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய ஒரு பவர் சப்ளை இருந்தால் நல்லது. அப்படிப்பட்ட சப்ளை இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரியே போதும். அதன் உள்தடை அதிகம் என்பதால் தவறாக இணைத்தாலும் பெரிய சேதம் வராது. லித்தியம் செல் அப்படியல்ல, ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கலாம். சுவரில் உள்ள மின்சாரத்தை நேரடியாகத் தொடும் எந்தச் சுற்றும் தொடக்கக்காரருக்கு வேண்டாம். கேமரா ஃபிளாஷ் போன்றவற்றைப் பிரிப்பதும் வேண்டாம். அவற்றின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் விஷயத்தில், எல்டிஸ்பைஸ் இலவசம், வலுவானது. பிரவுசரிலேயே ஓடும் ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர், கரண்ட் ஓடுவதைப் புள்ளிகளாக அசைத்துக் காட்டும். உள்ளுணர்வு வளர அது நல்லது. ஆனால் கையால் கணக்குப் போடுவதற்கு முன் சிமுலேட்டரைத் திறக்காதீர்கள். விடையை முதலில் பார்த்துவிட்டால், 'நான் நினைத்ததும் அதுதான்' என்று மனம் எளிதாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

## படி 1: வோல்டேஜ், கரண்ட், தடை

தண்ணீர்க் குழாய் உவமை எல்லா இடத்திலும் சொல்லப்படும். முதல் நாளுக்கு அது உதவும், அதற்குப் பிறகு கைவிட்டுவிடுவது நல்லது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் கரண்ட் நின்றுவிடும்.

நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். வோல்டேஜ் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. 'இந்தப் புள்ளியில் 5 வோல்ட்' என்று சொன்னால், கிரவுண்ட் என்று நாம் பெயரிட்ட இன்னொரு புள்ளியோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம். கரண்ட் ஒரு பாகத்தின் ஊடாக ஓடுவது. அதனால்தான் வோல்டேஜை அளக்க மீட்டரைப் பாகத்துக்கு இணையாக வைக்கிறோம். கரண்டை அளக்கச் சுற்றை ஓரிடத்தில் பிரித்து மீட்டரை உள்ளே நுழைக்கிறோம். கரண்ட் துளையில் வயரை விட்டுவிட்டு அப்படியே வோல்டேஜ் அளக்கப் போனால், மீட்டரே ஷார்ட்டாக மாறி அதன் ஃபியூஸ் போய்விடும். கரண்ட் அளந்து முடித்தவுடன் வயரைப் பழைய துளைக்கு மாற்றும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட உறவு எளிது: வோல்டேஜ் = கரண்ட் × தடை. இதோடு திறன் = வோல்டேஜ் × கரண்ட் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். பலர் திறன் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ரெசிஸ்டர் கருகும்போதுதான் அது ஞாபகம் வரும்.

முதல் கணக்கு: 9 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடியை 10 மில்லி ஆம்பியரில் எரிய வைக்க வேண்டும். எல்இடியின் மேல் சுமார் 2 வோல்ட் விழும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் மேல். 7-ஐ 10 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 700 ஓம். 700 என்று ஒரு ரெசிஸ்டர் வழக்கமான வரிசையில் கிடையாது. இ12 வரிசையின் மதிப்புகள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகும், பிறகு பத்துப் பத்தாகப் பெருகும். அருகில் இருப்பது 680 ஓம். அதைப் போட்டால் கரண்ட் 10.3 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் செலவாகும் திறன் சுமார் 72 மில்லி வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும்.

கணக்குப் போட்டு, கிடைக்கும் மதிப்புக்கு மாற்றி, மாற்றிய பிறகு எல்லாம் வரம்புக்குள் இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது: டிசைன் என்பதன் மிகச் சிறிய வடிவம் இதுதான்.

## படி 2: கிர்க்கஃப் விதிகள், குறிப்பாகக் கணு முறை

குஸ்டாவ் கிர்க்கஃப் 1845-இல், மாணவராக இருக்கும்போதே, தன் இரண்டு விதிகளையும் எழுதிவிட்டார். ஒரு கணுவுக்குள் (பாகங்கள் சந்திக்கும் புள்ளி) வரும் கரண்ட் எல்லாம் வெளியே போயாக வேண்டும். ஒரு கண்ணியை (மூடிய பாதை) முழுதாகச் சுற்றி வந்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம்.

பாடத்திட்டங்களில் கண்ணி முறை, கணு முறை இரண்டும் வரும். ஒன்றை மட்டும் ஆழமாகக் கற்க நேரம் இருந்தால் கணு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. கணுவின் வோல்டேஜை மீட்டரால் நேரடியாகத் தொட்டுப் பார்த்துவிடலாம், கண்ணிக் கரண்டை அப்படி முடியாது. தவிர, 1973-இல் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் என்ற சிமுலேட்டரும் அதன் வழிவந்த சிமுலேட்டர்களும் உள்ளே செய்வது கணு முறையின் விரிவாக்கம்தான். கிரவுண்ட் வைக்க மறந்தால் சிமுலேட்டர் முரண்டு பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

ஒரு எடுத்துக்காட்டு. ஒரு கணுவுக்கு 12 வோல்ட் மூலத்திலிருந்து 2 கிலோ ஓம் வழியாகவும், 6 வோல்ட் மூலத்திலிருந்து 3 கிலோ ஓம் வழியாகவும் இணைப்பு வருகிறது. கணுவிலிருந்து கிரவுண்டுக்கு 6 கிலோ ஓம். கணுவின் வோல்டேஜை 'க' என்று வைப்போம்.

(12 − க)/2 + (6 − க)/3 = க/6

இருபுறமும் 6-ஆல் பெருக்கினால் 36 − 3க + 12 − 2க = க. அதாவது 6க = 48, க = 8 வோல்ட்.

இத்தோடு நிறுத்திவிடாமல் கரண்ட்களையும் பாருங்கள். 12 வோல்ட் மூலம் தருவது 2 மில்லி ஆம்பியர். 6 வோல்ட் பக்கம் (6 − 8)/3, அதாவது கழித்தல் 0.67 மில்லி ஆம்பியர். கழித்தல் குறி வந்துவிட்டதே என்று கணக்கை அழிக்கத் தேவையில்லை. நாம் நினைத்த திசைக்கு எதிராகக் கரண்ட் ஓடுகிறது. 6 வோல்ட் மூலம் கரண்டைத் தருவதற்குப் பதில் வாங்கிக்கொண்டிருக்கிறது. அது சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரியாக இருந்தால் இது ஆபத்தான சுற்று. விடையாக 8 என்று மட்டும் எழுதியவருக்கு இந்த எச்சரிக்கை கண்ணில் பட்டிருக்காது.

## படி 3: சுமை ஏறும்போது என்ன ஆகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாகப் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

தொடராக உள்ள இரண்டு ரெசிஸ்டர்களின் நடுவிலிருந்து வோல்டேஜ் எடுக்கும் சுற்றுக்கு வோல்டேஜ் பிரிப்பான் என்று பெயர். அதன் சூத்திரம் பரவலாகத் தெரிந்ததுதான்: வெளியீடு = உள்ளீடு × கீழ்த்தடை / (மேல்தடை + கீழ்த்தடை). இரண்டு 10 கிலோ ஓமுக்கு 9 × 10/20 = 4.5. அந்தச் சூத்திரத்தில் எழுதப்படாத நிபந்தனை ஒன்று உண்டு. நடுப்புள்ளியிலிருந்து யாரும் கரண்ட் எடுக்கக்கூடாது. இன்னொரு 10 கிலோ ஓம் இணைத்தவுடன் கீழ்ப்பகுதி 10-க்கு இணையாக 10, அதாவது 5 கிலோ ஓம். 9 × 5/15 = 3 வோல்ட்.

சரி, சுமை (வெளியீட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் பாகம்) மாறும்போதெல்லாம் இப்படி முதலிலிருந்து கணக்கிட வேண்டுமா? வேண்டாம் என்பதற்கான வழியை 1883-இல் பிரான்ஸின் தந்தித்துறைப் பொறியாளர் லியோன் தெவனின் வெளியிட்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதே முடிவை 1853-லேயே எட்டியிருந்தார். மூலங்களும் ரெசிஸ்டர்களும் எத்தனை சிக்கலாகப் பின்னியிருந்தாலும், இரண்டு முனைகளிலிருந்து பார்க்கும்போது அது ஒரே ஒரு வோல்டேஜ் மூலமும் அதோடு தொடராக ஒரே ஒரு ரெசிஸ்டரும் போலத்தான் தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. சுமையைக் கழற்றிவிட்டு அந்த முனைகளின் வோல்டேஜைக் கணக்கிடுங்கள்: 4.5. பிறகு வோல்டேஜ் மூலத்தை வெறும் கம்பியாக நினைத்து, முனைகளிலிருந்து தெரியும் தடையைக் கணக்கிடுங்கள்: 10-க்கு இணையாக 10, ஆக 5 கிலோ ஓம். இனி இந்தப் பிரிப்பான் நம் கண்ணுக்கு 4.5 வோல்ட் மூலமும் தொடராக 5 கிலோ ஓமும் மட்டுமே. 10 கிலோ ஓம் சுமைக்கு 4.5 × 10/15 = 3. நூறு கிலோ ஓம் சுமைக்கு 4.5 × 100/105 = 4.29. எந்தச் சுமை வந்தாலும் ஒரு வரிக் கணக்கு.

இதிலிருந்து நடைமுறை விதி ஒன்று கிடைக்கிறது. கரண்ட் எடுக்கும் கட்டத்தின் உள்ளீட்டுத் தடை, கரண்ட் தரும் கட்டத்தின் வெளியீட்டுத் தடையைப்போல் பத்து மடங்காவது இருந்தால் வோல்டேஜ் பத்து சதவீதத்துக்குள் நிற்கும். நூறு மடங்கென்றால் ஒரு சதவீதம். அனுபவசாலி ஒருவர் ஒரு சுற்றுப்படத்தைப் பார்க்கும்போது அவர் கண் ஓடுவது இந்தச் சந்திப்புகளில்தான்.

மீட்டரும் ஒரு சுமை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அதே பிரிப்பானை இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் செய்து அளந்து பாருங்கள். தெவனின் தடை 500 கிலோ ஓம். மீட்டர் காட்டுவது 4.5 × 10/10.5, சுமார் 4.29 வோல்ட். சுற்று சரியாகத்தான் இருக்கிறது, அளக்கப்போன கருவி அதை மாற்றிவிட்டது.

பாகங்களின் துல்லியத்தையும் இங்கேயே சேர்த்துப் பாருங்கள். 5 சதவீத ரெசிஸ்டர்களில் ஒன்று 10.5 கிலோ ஓமாகவும் மற்றொன்று 9.5 கிலோ ஓமாகவும் அமைந்தால் நடுப்புள்ளி 4.5-க்குப் பதில் 4.725 அல்லது 4.275 வோல்ட் வரும். கணக்குக் கருவி 4.2857 என்று காட்டும்போது, அதில் முதல் இரண்டு இலக்கங்களுக்கு மேல் நம்புவதில் அர்த்தமில்லை.

## படி 4: நேரத்தைக் கொண்டுவரும் கெப்பாசிட்டர்

ரெசிஸ்டர் மட்டும் உள்ள சுற்றுக்கு ஞாபகம் கிடையாது. கெப்பாசிட்டருக்கு உண்டு. அதன் மேலுள்ள வோல்டேஜ் நொடியில் தாவாது; கரண்ட் ஓடி ஓடித்தான் ஏறவோ இறங்கவோ செய்யும்.

தடையையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினால் நேர மாறிலி. 10 கிலோ ஓமும் 100 மைக்ரோ ஃபாரடும் என்றால் 1 வினாடி. ஒரு நேர மாறிலியில் கெப்பாசிட்டர் இறுதி மதிப்பில் 63 சதவீதம் எட்டும், ஐந்தில் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். பிரெட்போர்டில் இதைச் செய்து, மீட்டரையும் கடிகாரத்தையும் வைத்துக் குறித்தால் போதும், ஆஸிலோஸ்கோப் தேவையில்லை. வரும் விடை 10, 15 சதவீதம் தள்ளி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் மதிப்பு ±20 சதவீதம் மாறுவது சகஜம். அவற்றுக்குத் துருவம் உண்டு, திருப்பிப் போட்டால் வெடிக்கும். பட்டையிட்ட பக்கம் எதிர்முனை.

மாறுமின்னோட்டத்தில் கெப்பாசிட்டர், அதிர்வெண் கூடக் கூடக் குறையும் தடைபோல நடந்துகொள்ளும். மேலே ரெசிஸ்டர், கீழே கெப்பாசிட்டர் வைத்தால் அதுவும் வோல்டேஜ் பிரிப்பான்தான். குறைந்த அதிர்வெண்ணை விட்டு, கூடியதை மழுக்கும் வடிகட்டியாகிவிடுகிறது. வெட்டு அதிர்வெண் = 1/(2π × தடை × கெப்பாசிட்டன்ஸ்). 10 கிலோ ஓமும் 10 நானோ ஃபாரடும் சேர்ந்தால் சுமார் 1.6 கிலோ ஹெர்ட்ஸ். அங்கே இரண்டின் எதிர்ப்பும் சமம் என்றாலும் வெளியீடு பாதியாகாது, 0.707 மடங்காகும். காரணம், இரண்டின் மேலுள்ள வோல்டேஜ்களும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியிருக்கும். கலப்பெண்கள் தேவைப்படுவது இந்த விலகலைக் கணக்கில் பிடிக்கத்தான்.

இண்டக்டரைப் பற்றி இப்போதைக்கு ஒன்று தெரிந்தால் போதும். அதன் கரண்ட் திடீரென நிற்க மறுக்கும். ரிலே சுருளை அணைக்கும் இடத்தில் எதிர்த்திசையில் ஒரு டையோடு போடாவிட்டால், எழும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

## படி 5: டையோடு, டிரான்சிஸ்டர்

இதுவரை எல்லாமே நேர்கோட்டுப் பாகங்கள். டையோடில் அந்த வசதி இல்லை. வோல்டேஜ் சுமார் 60 மில்லி வோல்ட் கூடினால் கரண்ட் பத்து மடங்காகிவிடும். சமன்பாட்டைத் துல்லியமாகத் தீர்க்கத் தேவையில்லை. 5 வோல்ட், 1 கிலோ ஓம், ஒரு சிலிக்கான் டையோடு என்று எடுங்கள். அதன் மேல் 0.7 வோல்ட் என்று நினைத்தால் 4.3 மில்லி ஆம்பியர், 0.6 என்று நினைத்தால் 4.4. வித்தியாசம் ரெசிஸ்டரின் பிழையைவிடக் குறைவு. எப்போது தோராயம் போதும் என்று தெரிந்துகொள்வதும் பகுப்பாய்வில் ஒரு பகுதிதான்.

டிரான்சிஸ்டருக்கு வருவோம். அதற்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். பேஸுக்குள் போகும் சிறு கரண்ட், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு ஓடும் பெரிய கரண்டைக் கட்டுப்படுத்தும். பெரும்பாலான தொடக்கப் பாடங்கள் பீட்டா என்ற பெருக்க எண்ணிலிருந்து (கலெக்டர் கரண்ட், பேஸ் கரண்டைப்போல் எத்தனை மடங்கு) தொடங்கும். அந்த எண்ணை நம்பி எதையும் வடிவமைக்காதீர்கள் என்பேன். பிசி547 குடும்பத்தில் அது 110 முதல் 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சுவிட்சாகப் பயன்படுத்தும்போது, கலெக்டர் கரண்டில் பத்தில் ஒரு பங்கையோ இருபதில் ஒரு பங்கையோ பேஸுக்குக் கொடுத்துவிடுங்கள். பீட்டா எவ்வளவாக இருந்தாலும் முழுமையாக ஆன் ஆகிவிடும். பெருக்கியாகப் பயன்படுத்தும்போது எமிட்டரில் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். பெருக்கம் கிட்டத்தட்ட கலெக்டர் ரெசிஸ்டருக்கும் எமிட்டர் ரெசிஸ்டருக்கும் உள்ள விகிதமாகிவிடும்.

பேஸுக்கு வோல்டேஜ் தரும் பிரிப்பானை எப்படித் தேர்ந்தெடுப்பது? படி 3-இன் கேள்விதான். பேஸிலிருந்து உள்ளே பார்த்தால் தெரியும் தடை, எமிட்டர் ரெசிஸ்டரைக் கிட்டத்தட்ட பீட்டாவால் பெருக்கியது. மிகக் குறைந்த பீட்டாவை வைத்து அதைக் கணக்கிட்டு, பிரிப்பானின் தெவனின் தடையை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்தால் முடிந்தது.

## படி 6: ஆப்-ஆம்ப்

ஆப்-ஆம்ப் என்பது நேர் உள்ளீடு, எதிர் உள்ளீடு என்ற இரண்டுக்கும் இடையிலான வோல்டேஜ் வேறுபாட்டை மிகப் பெரிதாகப் பெருக்கும் சிப். எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்குத் திரும்பும் இணைப்பு) இருக்கும்வரை இரண்டு விதிகளே போதும். உள்ளீடுகளுக்குள் கரண்ட் போகாது. இரண்டு உள்ளீடுகளும் ஒரே வோல்டேஜில் இருக்கும்படி வெளியீடு தன்னைச் சரிசெய்துகொள்ளும். தலைகீழ்ப் பெருக்கி, நேர்ப் பெருக்கி, கூட்டி எல்லாம் இவற்றோடு கணு முறையையும் வைத்துக் கையாலேயே வந்துவிடும்.

மிக எளிய சுற்று வோல்டேஜ் பின்தொடரி: வெளியீட்டை எதிர் உள்ளீட்டோடு நேராக இணைத்துவிட்டால், உள்ளே வரும் அதே வோல்டேஜ் வெளியே வரும். பெருக்கம் வெறும் 1. எதற்கு இது? நம் 5 கிலோ ஓம் தெவனின் தடை கொண்ட பிரிப்பானுக்கு அடுத்ததாக இதைப் போட்டால், 10 கிலோ ஓம் சுமைக்கும் 4.5 வோல்ட் அப்படியே கிடைக்கும்.

விதிகள் உடையும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். 1968-இல் வந்த 741 என்ற ஆப்-ஆம்பைப் பாடங்கள் இன்னும் விடவில்லை. 5 வோல்ட் சுற்றுக்கு அது ஒத்துவராது. எல்எம்358-இன் வெளியீடு மேல்பக்கம் சப்ளையைவிடச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். இரண்டு ஓரத்துக்கும் அருகில் போக வேண்டுமானால் எம்சிபி6002 போன்றது வேண்டும். பெருக்கம் கூடினால் வேகம் குறையும்: 1 மெகா ஹெர்ட்ஸ் பெருக்க அகலம் (பெருக்கம் × அதிர்வெண்) உள்ள ஆப்-ஆம்பில் 100 மடங்கு கேட்டால் 10 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் கிடைக்கும்.

## படி 7: ஒரு டிசைன், தொடக்கம் முதல்

தேவை: 5 வோல்ட்டில் இயங்க வேண்டும், இருட்டினால் நான்கு வெள்ளை எல்இடிகள் தலா 17, 18 மில்லி ஆம்பியரில் எரிய வேண்டும், வெளிச்சம் வந்தால் அணைய வேண்டும், மாலை மங்கலில் மினுக்கக்கூடாது. முதலில் இப்படித் தேவையை எண்களோடு எழுதுங்கள். எழுதாத தேவைக்கு டிசைன் செய்ய முடியாது.

உணர்வி. ஒளிக்கேற்பத் தடை மாறும் எல்டிஆர். அதன் மதிப்பு பாகத்துக்குப் பாகம் நிறைய மாறும். எந்த இருட்டில் விளக்கு எரிய வேண்டுமோ அந்த இருட்டில் உங்கள் எல்டிஆரை மீட்டரால் அளந்துவிடுங்கள். 22 கிலோ ஓம் பக்கம் வந்தது என்று வைப்போம். பிரிப்பானில் மேலே எல்டிஆர், கீழே 22 கிலோ ஓம். இரண்டும் சமமாகும்போது நடுப்புள்ளி 2.5 வோல்ட். இருட்டு கூடினால் அது இறங்கும்.

ஒப்பீடு. எல்எம்393 கம்பேரேட்டர், அதாவது இரண்டு வோல்டேஜ்களில் எது பெரியது என்று சொல்லும் சிப். நேர் உள்ளீடு பெரிதானால் வெளியீடு மேலே போகும், எதிர் உள்ளீடு பெரிதானால் கீழே வரும். எல்டிஆர் புள்ளியை எதிர் உள்ளீட்டுக்கும், 2.5 வோல்ட் ஒப்பீட்டுப் புள்ளியை நேர் உள்ளீட்டுக்கும் கொடுப்போம். ஒப்பீட்டுக்கு 10 கிலோ ஓம், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், 10 கிலோ ஓம் என்று தொடராக வைத்தால் 1.67 முதல் 3.33 வோல்ட் வரை திருகிக்கொள்ளலாம். நடுவில் நிற்கும்போது தெவனின் தடை 15-க்கு இணையாக 15, ஆக 7.5 கிலோ ஓம். இந்த எண் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

டேட்டாஷீட்டை (பாகத்தின் தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) திறந்தால் ஒரு சிக்கல் தெரியும். எல்எம்393-இன் உள்ளீடுகள் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழே வரைதான், அதாவது 3.5 வோல்ட் வரைதான் முறையாக வேலை செய்யும். நல்ல வெளிச்சத்தில் எல்டிஆர் புள்ளி 5 வோல்ட்டை நெருங்கும். பயப்பட வேண்டியதில்லை, ஒரு உள்ளீடு எல்லைக்குள் இருந்தால் வெளியீடு சரியாகவே வரும் என்று அதே டேட்டாஷீட் சொல்கிறது. நம் ஒப்பீட்டுப் புள்ளி எப்போதும் எல்லைக்குள்தான் இருக்கிறது. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு தகவல்களுமே தெரியாமல் போகும்.

சுவிட்ச், முதல் முயற்சி. எல்எம்393-இன் வெளியீடு திறந்த கலெக்டர் வகை: கீழே இழுக்கும், மேலே தள்ளாது. ஆகவே மேலிழுக்கும் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸை நேராக இதில் வைத்தால், சுமார் 70 மில்லி ஆம்பியர் சுமைக்கு இருபதில் ஒரு பங்கு 3.5 மில்லி ஆம்பியர். (5 − 0.7)/3.5 சுமார் 1.2 கிலோ ஓம். கம்பேரேட்டர் கீழே இழுக்கும்போது அது விழுங்க வேண்டியது 4 மில்லி ஆம்பியர். வேலை செய்யும்.

மினுக்கல். மங்கலில் எல்டிஆர் புள்ளி ஒப்பீட்டைச் சுற்றித் தயங்கும், விளக்கு படபடக்கும். வெளியீட்டிலிருந்து நேர் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் வைத்தால், ஆன் ஆனதும் ஒப்பீடு சற்று உயரும். அணைய இன்னும் அதிக வெளிச்சம் தேவைப்படும். ஆனால் இங்கே நம் முதல் முயற்சி இடிக்கிறது. வெளியீடு மேலே போகும்போது பேஸ் அதை 0.7 வோல்ட்டிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. வெறும் அரை வோல்ட் ஆட்டத்தை வைத்து எரியும் எல்லைக்கும் அணையும் எல்லைக்கும் நடுவே போதுமான இடைவெளியை உண்டாக்க முடியாது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே சரி, சேர்த்து வைத்தால் சரியில்லை. டிசைனில் இது வழக்கமாக நடப்பது. பின்னால் போய் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாம் முயற்சி. அந்த டிரான்சிஸ்டருக்குப் பதில் 2என்7000 மாஸ்ஃபெட்: கேட் என்ற காலின் வோல்டேஜால் ஆன் ஆகும் வேறு வகை டிரான்சிஸ்டர். அதன் கேட் நிலையான கரண்ட் எதையும் எடுக்காது, ஆகவே வெளியீடு முழுதாக 5 வோல்ட் பக்கம் ஏறும். 4.5 வோல்ட் கேட்டில், 75 மில்லி ஆம்பியரில், அதன் தடை அதிகபட்சம் 5.3 ஓம் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. நம் சுமை அதற்குள் அடங்குகிறது. மேலிழுக்கும் ரெசிஸ்டர் இப்போது 10 கிலோ ஓமாக இருந்தாலே போதும், கம்பேரேட்டர் விழுங்குவது வெறும் அரை மில்லி ஆம்பியர்.

பின்னூட்ட ரெசிஸ்டர் 220 கிலோ ஓம் என்று எடுத்துக் கணு முறையில் போடுங்கள். வெளியீடு கீழே (0.1 வோல்ட்) இருக்கும்போது ஒப்பீடு (2.5 × 220 + 0.1 × 7.5)/227.5, அதாவது 2.42 வோல்ட். மேலே இருக்கும்போது 10 கிலோ ஓமும் தொடரில் சேர்ந்துகொள்ளும்: (2.5 × 230 + 5 × 7.5)/237.5, அதாவது 2.58 வோல்ட். எல்டிஆர் கணக்கில் சொன்னால், 23.4 கிலோ ஓமைத் தாண்டும்போது எரியும், 20.7-க்குக் கீழே வரும்போதுதான் அணையும். இடைவெளி போதவில்லை என்று பட்டால் 220-ஐ 100 ஆக்கிப் பாருங்கள்.

எல்இடிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். நான்கையும் இணையாக வைத்து ஒரே ரெசிஸ்டரைப் போட்டால், வோல்டேஜ் சற்றுக் குறைவாகத் தேவைப்படும் எல்இடி பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். (5 − 3.1 − 0.2)/100 ஓம் = 17 மில்லி ஆம்பியர். நான்குக்கும் 68. தேவை நிறைவேறியது.

கடைசியாக, எல்எம்393-இன் சப்ளை கால்களுக்கு மிக அருகில் 100 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. பயன்படுத்தாத இரண்டாம் கம்பேரேட்டரின் உள்ளீடுகளை அந்தரத்தில் விடாமல் கிரவுண்டில் கட்டிவிடுங்கள்.

## படி 8: கட்டி, அளந்து, ஒப்பிடுவது

ஒரேயடியாக எல்லாவற்றையும் இணைத்துவிட்டுச் சப்ளையைப் போடாதீர்கள். முதலில் சப்ளை மட்டும். சில பிரெட்போர்டுகளில் ஓரப் பட்டைகள் நடுவில் துண்டாகியிருக்கும், அதனால் பலகையின் இரு பாதியிலும் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு எல்டிஆர் பிரிப்பான், பிறகு ஒப்பீட்டுப் பிரிப்பான், பிறகு கம்பேரேட்டர். ஒவ்வொரு கணுவிலும் வர வேண்டிய எண்ணை அளப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

எழுதியதும் அளந்ததும் ஒத்துப்போகாவிட்டால், பாகத்தை மாற்றுவதற்கு முன் கணுக்களை வரிசையாகத் தொட்டுப் போங்கள். எந்தக் கணு வரை எண்கள் சரி, எங்கே முதன்முதலில் பிசகுகிறது? அந்த இரண்டுக்கும் இடையில்தான் பிழை. ஒப்பீட்டுப் புள்ளி 2.5-க்குப் பதில் பூஜ்யம் என்றால் இணைப்பு விட்டுப்போயிருக்கும். 2.42 என்றால் அது பிழையே அல்ல, பின்னூட்டம் செய்யும் வேலை.

விளக்கு எரிந்ததும் ஒரு புதுச் சங்கடம் வரலாம். எல்இடிகளின் வெளிச்சம் எல்டிஆர் மேல் பட்டால் சுற்று அதைப் பகல் என்று நினைத்து அணைக்கும், அணைந்ததும் மறுபடி எரிய வைக்கும். சிமுலேட்டரில் இது ஒருபோதும் தெரியாது. எல்டிஆரை ஒரு கறுப்புக் குழாய்க்குள் வைத்து வெளிப்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். அது முடியாத இடத்தில், எல்டிஆர் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோ ஃபாரட் வைத்தால் படபடப்பு மெதுவாகும், ஆனால் நிற்காது. ஒளி திரும்பிப் படுவதைத் தடுத்தால்தான் நிற்கும்.

இது ஓடியபின் அடுத்த பயிற்சியாகத் தேவையை மாற்றிக்கொள்ளுங்கள்: சப்ளை 12 வோல்ட், சுமை அரை ஆம்பியர் எடுக்கும் எல்இடி பட்டை. 2என்7000-இன் தொடர் கரண்ட் வரம்பு 200 மில்லி ஆம்பியர் என்பதால் அது போகும், பெரிய மாஸ்ஃபெட் வரும். உணர்விப் பிரிப்பானும் ஒப்பீட்டுப் பிரிப்பானும் ஒரே சப்ளையிலிருந்து வருவதால் எரியும் இருட்டின் அளவு மாறுமா, மாறாதா? 0.1 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வைத்து அந்த இரண்டு எல்லைகளையும் மறுபடி போட்டுப் பாருங்கள்.